குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் ஸ்மித், ஜெர்மனியில் ஷ்மிட், ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெத்சோவ், இத்தாலியில் ஃபெராரி, லெபனானிலும் சிரியாவிலும் ஹத்தாத் என்று வழங்கும் குடும்பப் பெயர்கள் எல்லாமே ஒரே தொழிலிலிருந்து பிறந்தவை. ஒவ்வொன்றும் அந்தந்த மொழியில் கொல்லரைக் குறிக்கும் சொல்லை அடியாகக் கொண்டது. ஒரே ஊரில் மூன்று ஜான்கள் இருந்தால், அவர்களில் பட்டறை வைத்திருந்தவரைப் பிரித்துச் சொல்ல அந்த அடைமொழி தேவைப்பட்டது. அவருடைய பேரன் சுத்தியலைத் தொடாமல் தையல் வேலைக்கோ கடல் வாணிகத்துக்கோ போன பிறகும் அந்தச் சொல் அவனை விட்டு நீங்காமல் தொடர்ந்ததே, அங்கேதான் குடும்பப் பெயர் என்ற ஒன்று தொடங்குகிறது.

ஆகவே இரண்டு வகைப் பெயர்களை முதலில் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தைக்கென்றே தேர்ந்து வைக்கப்படுவது இயற்பெயர். யாரும் தேர்ந்தெடுக்காமல், பிறப்பினாலேயே வந்து சேர்ந்து, தலைமுறை தலைமுறையாக மாறாமல் கடத்தப்படுவது குடும்பப் பெயர். இயற்பெயர் இல்லாத மனிதக் கூட்டம் இல்லை. குடும்பப் பெயரோ அப்படிப்பட்டதன்று. உலகின் பெரும்பகுதியில் அது சில நூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட வழக்கம். சில நாடுகளில் நம் பாட்டனார் காலத்து வழக்கம். வேறு சில நாடுகளில் இன்றும் இல்லாத வழக்கம்.

குடும்பப் பெயர்களின் பொருளை ஆராய்ந்தால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை தொழில், ஊர் அல்லது இடம், தந்தையின் பெயர், உடல் அல்லது குண அடையாளம் ஆகிய நான்கு ஊற்றுகளில் ஒன்றிலிருந்து வந்திருப்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் டெய்லர் தையற்காரர், ஹில் குன்றின் அருகே குடியிருந்தவர், ஜான்சன் ஜானின் மகன், ஷார்ட் குள்ளமானவர். ஸ்காட்லாந்துப் பெயர்களின் முன்னே நிற்கும் 'மேக்' என்பதற்கும் மகன் என்றே பொருள். வேல்ஸ் மொழியில் மகனைக் குறிக்கும் 'ஆப்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. ஆப் ரீஸ், அதாவது ரீஸின் மகன், என்று வழங்கியது நாளடைவில் 'ப்ரைஸ்' ஆகச் சுருங்கியது. ஆப் ஹவெல் 'பவல்' ஆயிற்று. ஆப் ரிச்சர்டு 'பிரிட்சர்டு' ஆயிற்று. இன்று இந்தப் பெயர்களைத் தாங்கி நிற்பவர்களில் பலருக்கு, தம் பெயரின் முதல் எழுத்தில் ஒரு 'மகன்' ஒளிந்திருப்பது தெரியாது.

இந்த நான்கு ஊற்றுகளும் தமிழர்களுக்குப் புதியவை அல்ல. சங்கப் புலவர்களின் பெயர்களை எடுத்துப் பாருங்கள். 'மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்' என்பதில் ஊரும் தொழிலும் இயற்பெயரும் வரிசையாக நிற்கின்றன. அறுவை என்பது துணி. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்பதில் ஊர், ஆசிரியராக இருந்த தந்தை, மகன் என்ற உறவு, இயற்பெயர் ஆகிய நான்கும் இருக்கின்றன. 'உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்' என்பதில் ஊரோடு அவர் வாழ்ந்த சேரியும் வந்துவிடுகிறது. மோசி என்ற பெயருக்கு முன்னே உடற்குறையைச் சுட்டும் அடையும் சேர்ந்திருக்கிறது. 'தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார்' என்றொரு புலவரும் உண்டு. ஆங்கிலத்தில் கோல்டுஸ்மித் என்று குடும்பப் பெயராகிவிட்ட அதே தொழில், இங்கே ஒருவரின் அடைமொழியாக நிற்கிறது. அறிமுகம், முகவரி, தொழில் எல்லாவற்றையும் நான்கே சொற்களில் அடக்கிய இந்தப் பெயர்முறையை இலக்கிய வகுப்பில் மட்டும் படித்துவிட்டுக் கடந்து போவது எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

ஆனால் இளவேட்டனாரின் மகன் துணி விற்காதபோது அவன் 'அறுவை வாணிகன்' என்று அழைக்கப்பட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அடைமொழி அந்த மனிதரைப் பற்றிய உண்மையைச் சொன்னது. அந்த உண்மை மாறினால் அடைமொழியும் மாறியது. ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் நிலைமை இதுவே. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு நிலவுடைமைப் பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைப் பிள்ளைகளுக்கும் கடத்தத் தொடங்கினார்கள். எளிய மக்களிடையே அந்த வழக்கம் மெல்ல இறங்கி, ஏறக்குறைய 1400 வாக்கில்தான் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களில் நிலைத்தது.

நெகிழ்ந்து மாறிக்கொண்டிருந்த அடைமொழி ஏன் உறைந்தது என்பதுதான் இந்தப் பொருளின் மையக் கேள்வி. சொத்துரிமை ஒரு காரணம். தந்தையின் நிலத்துக்கு உரிமை கோருபவருக்கு, தாம் அவர் வழியில் வந்தவர் என்று காட்டும் பெயர் பயன்பட்டது. அதைவிட வலிய காரணம் அரசாங்கத்தின் பதிவேடு. வரி வாங்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், குடிக்கணக்கு எடுக்கவும் முனைந்த அரசுகளுக்கு, ஒரே பெயரில் நூறு பேர் இருப்பதும், ஒரே ஆள் இடத்துக்கு ஒரு பெயரில் அறியப்படுவதும் தொல்லையாக இருந்தன.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் நாடு பிலிப்பைன்ஸ். ஸ்பானிய ஆட்சியில் கிறித்தவ சமயத்துக்கு மாறிய மக்கள், டி லா குரூஸ், டி லோஸ் சாந்தோஸ் என்று சிலுவையையும் புனிதர்களையும் குறிக்கும் பெயர்களையே திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒரு பின்பெயரும் தம்பிக்கு வேறொன்றும் இருந்தன. இதனால் வரிக்கணக்கு குழம்புவதைக் கண்ட ஆளுநர் நர்சிசோ கிளவேரியா, 1849 நவம்பர் 21-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தார். ஏறக்குறைய 60,000 பெயர்களை அகர வரிசையில் அடுக்கிய ஒரு பட்டியல் நூல் தயாரிக்கப்பட்டு, அதன் பக்கங்கள் மாகாணங்களுக்கும் அங்கிருந்து ஊர்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டன. ஊருக்கு வந்த பக்கத்திலிருந்து குடும்பத் தலைவர் ஒரு பெயரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். நான்கு தலைமுறையாக ஒரே பெயர் வழங்கிவந்ததாகக் காட்ட முடிந்தவர்கள் மட்டும் அதையே வைத்துக்கொள்ளலாம். சில ஊர்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பக்கங்களே போய்ச் சேர்ந்ததால், ஆல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் என்ற ஊரில் இன்றும் பழங்குடும்பங்களின் பெயர்கள் 'ஆர்' என்ற எழுத்திலேயே தொடங்குகின்றன. ஆகவே ஒரு பிலிப்பினோவின் பின்பெயர் ஸ்பானிய மொழியில் இருப்பதைக் கொண்டு அவர் உடலில் ஸ்பானிய இரத்தம் ஓடுகிறது என்று கருதுவது தவறு. அந்தப் பெயர், ஒரு காலத்தில் ஓர் எழுத்தர் நீட்டிய தாளிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஜப்பானில் 1870-இல் பொதுமக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது; 1875-இல் அதுவே கட்டாயம் ஆனது. அதற்கு முன்பே பலர் ஊருக்குள் பெயர்களை வழங்கிவந்தார்கள் என்றாலும், அரசு ஏட்டில் அவற்றைப் பதியும் உரிமை சாமுராய்கள் முதலான சிலருக்கே இருந்தது. நெல் வயலின் நடுவைக் குறிக்கும் தனாகா, மலையடிவாரத்தைக் குறிக்கும் யமமோட்டோ போன்ற பெயர்கள் அந்த மக்கள் வாழ்ந்த நிலத்தை இன்றும் கண்முன் நிறுத்துகின்றன. தாய்லாந்தில் மன்னர் வஜிராவுத் 1913-இல் குடும்பப் பெயர்ச் சட்டத்தைக் கொண்டுவந்து, தாமே 6,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெயர் சூட்டினார். ஆயினும் தாய்லாந்து மக்கள் இன்றும் ஒருவரை ஒருவர் இயற்பெயரால்தான் அழைக்கிறார்கள். துருக்கியில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோரையும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் செய்தது. நாடாளுமன்றம், துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமாலுக்கு 'துருக்கியரின் தந்தை' என்று பொருள்படும் அத்தாதுர்க் என்ற பெயரை வழங்கி, வேறு எவரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் விதித்தது.

சீனர்களின் வரலாறு இதற்கு மாறானது. அங்கே குடும்பப் பெயர் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருக்கிறது; அது பெயரின் முன்னே நிற்கும், இயற்பெயர் அதன் பின்னே வரும். பழமை மிகுந்த இடத்தில் பெயர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவது இயல்பு. ஆண் வாரிசு இல்லாத குடும்பத்தின் பெயர் அத்தோடு மறைந்துவிட, மிஞ்சிய பெயர்கள் பெருகுகின்றன. லி, வாங், சாங் ஆகிய மூன்று பெயர்களில் ஒவ்வொன்றையும் இன்று 9 கோடிக்கும் மேற்பட்டோர் தாங்கியிருக்கிறார்கள். கொரியாவிலோ கிம், லீ, பார்க் என்ற மூன்று பெயர்களுக்குள் மக்கள்தொகையில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் அடங்கிவிடுகிறார்கள். உயர்குடியினரின் பெயர்களைப் பிற்காலத்தில் எளிய மக்களும் ஏற்றுக்கொண்டது இதற்கு முக்கியக் காரணம். இத்தனை கிம்களையும் பிரித்தறிய அவர்கள் 'போன்குவான்' என்ற மூதாதையர் ஊரைச் சேர்த்துச் சொல்வார்கள். கிம்ஹே ஊரைப் பூர்விகமாகக் கொண்ட கிம் வேறு, கியோங்ஜு ஊரைப் பூர்விகமாகக் கொண்ட கிம் வேறு. பெயரும் பூர்விக ஊரும் ஒன்றாக இருந்த இருவர் எத்தனை தூரத்து உறவினராக இருந்தாலும் மணந்துகொள்ளக் கூடாது என்று தென்கொரியச் சட்டமே தடுத்திருந்தது. கோத்திரம் பார்த்து மணம் முடிப்பவர்களுக்கு இந்தத் தர்க்கம் உடனே விளங்கும். காதலித்த எத்தனையோ இணைகளைப் பிரித்துவைத்த அந்தத் தடை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று 1997-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் சட்டமும் திருத்தப்பட்டது.

தந்தை பெயரை மட்டும் பெறுவது, திருமணத்தோடு பெண் தன் பெயரை விடுவது ஆகிய இரண்டும் உலகப் பொதுவிதி என்று நினைப்பவர்கள் ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. வழக்கமாக முதலாவது தந்தை வழியிலிருந்தும் இரண்டாவது தாய் வழியிலிருந்தும் வருகின்றன. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் என்பதில் கார்சியா தந்தையுடையது, மார்க்வெஸ் தாயுடையது. தமிழில் அவரை 'மார்க்வெஸ்' என்று மட்டும் எழுதும்போது தந்தையின் பெயரை விட்டுவிட்டுத் தாயின் பெயரால் அழைக்கிறோம். ஓவியர் பாப்லோ ரூயிஸ் பிக்காசோ தாமே விரும்பித் தாயின் பெயரால் கையெழுத்திட்டவர். ரஷ்யர்கள் வேறொரு வழியில் தந்தையை நினைக்கிறார்கள். இயற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே தந்தையின் பெயரை விகுதி சேர்த்து வைப்பார்கள். விளாதிமிர் இலியிச் என்றால் இலியாவின் மகன் விளாதிமிர். விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணான வாலண்டினா விளாதிமிரொவ்னா தெரஷ்கோவாவின் பெயருக்குள் விளாதிமிர் என்ற அவருடைய தந்தை இருக்கிறார்.

குடும்பப் பெயரே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் நாடு ஐஸ்லாந்து. அங்கே ஒருவருடைய இரண்டாம் பெயர், அவர் யாருடைய மகன் அல்லது மகள் என்பதைச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. 1980-இல் உலகிலேயே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் குடியரசுத் தலைவரான விக்டிஸ் ஃபின்போகாடோட்டிரின் பெயருக்கு, ஃபின்போகியின் மகள் விக்டிஸ் என்பதே பொருள். அவருக்கு ஒரு சகோதரர் இருந்தால் அவர் 'ஃபின்போகாசன்' ஆவார். மணமான பெண் யாருடைய மகள் என்பது மாறப்போவதில்லை ஆகையால் அவள் பெயரும் மாறுவதில்லை. தாய், தந்தை, மகன், மகள் என்ற நால்வர் உள்ள ஒரு வீட்டில் நான்கு வெவ்வேறு பின்பெயர்கள் இருப்பது அங்கே இயல்பு. தொலைபேசிப் புத்தகம்கூட இயற்பெயரின் அகர வரிசையில்தான் அமைந்திருந்தது. புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்வதை 1925-இல் சட்டமே தடுத்துவிட்டது. புதிய இயற்பெயர்களை ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோ 1991 முதல் ஒரு குழு இயங்குகிறது. ஐஸ்லாந்து மொழியின் வேற்றுமை உருபுகளை அந்தப் பெயர் ஏற்குமா என்பது அது பார்க்கும் முக்கியமான சோதனை. ஒரு பெயரை ஏற்பதற்கு இலக்கணத்தையே அளவுகோலாக வைத்த அந்தச் சிறிய நாட்டின் மொழிப்பற்று என்னை மிகவும் கவர்கிறது.

பர்மியரிடம் தந்தை பெயரைச் சேர்க்கும் கட்டாயமும் இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட்டின் பெயர் தாண்ட் என்ற ஒற்றைச் சொல்தான்; 'ஊ' என்பது நம் 'ஐயா' போன்ற மரியாதைச் சொல். அரபு மரபிலோ ஒருவரைச் சுற்றிப் பல பெயர்கள் நிற்கின்றன. 'இப்னு' என்றால் மகன். அல்-குவாரிஸ்மி என்றால் குவாரிஸ்ம் பகுதியைச் சேர்ந்தவர். 'அபூ' என்று தொடங்கும் பெயர் தந்தையைப் பிள்ளையின் பெயரால் சுட்டுகிறது. நம் ஊர்களில் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லாமல் 'முருகன் அம்மா' என்று அழைக்கிறோமே, அதே முறைதான். அரபு மரபில் அது மரியாதைக்குரிய முறையான பெயராகவே வளர்ந்திருக்கிறது.

இயற்பெயர்களின் உலகம் இவற்றைவிட விரிந்தது. கானாவின் அக்கான் மக்கள் குழந்தை பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்த ஆண் குவாமே. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் பெயரில் 'அன்னான்' என்பது நான்காவது குழந்தையைக் குறிக்கும். நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே இரட்டையரில் முதலில் பிறப்பது தைவோ, அடுத்துப் பிறப்பது கெஹிந்தே. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தம்பியை முன்னே அனுப்பிவிட்டுப் பிறகு வந்தவர் என்பதால், பின்னால் பிறந்த கெஹிந்தேதான் மூத்தவர் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

பிள்ளையைக் காப்பதற்காகவே பொருளற்றதுபோல் சூட்டப்படும் பெயர்கள் என் மனத்தை அதிகம் தொட்டவை. பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து இறந்துபோன வீடுகளில் அடுத்த குழந்தைக்குக் குப்பன், பிச்சை என்று பெயரிட்டால் கண்ணேறும் காலனும் அதை நாடாமல் போய்விடும் என்று தமிழர்கள் நம்பினார்கள். மங்கோலியாவிலும் அதே அச்சம் 'நெர்குய்' (பெயரில்லாதது), 'எனபிஷ்' (இது இல்லை) என்ற பெயர்களைத் தந்தது. ஒன்றையொன்று அறியாத இரண்டு நிலங்களின் தாய்மார்கள் ஒரே சூழ்ச்சியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'போதும்பொண்ணு' போன்ற பெயர்களை இவற்றோடு சேர்த்து எண்ணக் கூடாது. அவை பிள்ளையைக் காக்க அல்ல, அடுத்ததாவது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று வைக்கப்பட்டவை. அந்தப் பெயரை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது.

பெயர்கள் மொழி தாண்டிப் பயணம் செய்வதும் உண்டு. இறைவன் அருளினான் என்று பொருள்படும் யோஹனான் என்ற எபிரேயப் பெயர் ஜான், ழான், ஹுவான், இவான், ஜொவான்னி என்று ஒலி மாறியபடி ஐரோப்பா முழுவதும் பரவியது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் அதன் பொருளையே தமிழாக்கி 'அருளப்பன்' என்று வைத்தார்கள். சிறியவர் என்று பொருள்படும் பவுல் 'சின்னப்பன்' ஆனார். முடியைக் குறிக்கும் ஸ்டீபன் 'முடியப்பன்' ஆனார்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே இயற்பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் நின்ற காலம் ஒன்று இருந்தது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயரில் சாதி இல்லை. இது உலகப் பெயர் வரலாற்றிலேயே குறிப்பிடத்தக்க ஒரு மாற்றம் என்று நான் கருதுகிறேன். மிஞ்சியவை இயற்பெயரும், தந்தையையும் சில நேரம் ஊரையும் சுட்டும் தலைப்பெழுத்துகளும். சி.என். அண்ணாதுரை என்பதில் 'சி' காஞ்சிபுரம் (அன்றைய ஆங்கில வழக்கில் கான்ஜீவரம்), 'என்' நடராசன். ஊர், தந்தை, இயற்பெயர் என்ற அந்த வரிசை நக்கீரனாரின் பெயர் வரிசையேதான்.

இந்த முறையை அறியாத நாடுகளில் குழப்பம் நேர்வதில் வியப்பில்லை. விசுவநாதன் ஆனந்தை 'விஷி' என்று செல்லமாக அழைக்கும் சதுரங்க உலகம், உண்மையில் அவருடைய தந்தையின் பெயரைச் சுருக்கி அழைக்கிறது. மலேசியத் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. பிள்ளை, தந்தை ஆகிய இருவர் பெயருக்கும் நடுவே 'மகன்' என்பதற்கு ஏ/எல் என்றும் 'மகள்' என்பதற்கு ஏ/பி என்றும் அவர்களுடைய அடையாள ஆவணங்களில் எழுதப்படுவதால், எது யாருடைய பெயர் என்பது ஐயமின்றி விளங்கிவிடும். அமெரிக்க விசாவிலோ, கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருப்பவருக்கு அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்டுவிட்டு, இயற்பெயர்க் கட்டத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு என்ற எழுத்துகளை அச்சிடுகிறார்கள். ஒருவருக்கு உரிய ஒரே பெயர் குடும்பத்துடையதாகிவிட, அவர் பெயரற்றவராகிவிடுகிறார். குடும்பப் பெயர் இல்லாதது அவருடைய குறை அல்ல. எல்லோருக்கும் இரண்டு கட்டங்கள் வேண்டும் என்று கொண்ட படிவத்தின் குறை.

அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டிய நிலையில், புலம்பெயர்ந்த தமிழர்களிடையே இப்போது ஒரு புதிய வழக்கம் உருவாகிவருகிறது. யாழ்ப்பாணத்துக் கந்தசாமி என்பவரின் மகன் சிவகுமார் டொரொன்டோவில் குடியேறினார் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதியதால் அவர் சிவகுமார் கந்தசாமி ஆகிறார். அங்கே பிறக்கும் மகளுக்குத் தமிழ் முறைப்படி சிவகுமார் என்ற பெயரைச் சேர்ப்பதா, அந்நாட்டு முறைப்படி கந்தசாமி என்றே பதிவதா என்பதை அவரும் மனைவியும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கந்தசாமி என்றே பதிந்து, அந்த மகளும் தன் பிள்ளைகளுக்கு அதையே கொடுத்தால், ஆங்கிலேயரின் ஜான்சனும் வேல்ஸ்காரர்களின் ப்ரைஸும் உறைந்ததைப் போலவே கந்தசாமியும் ஒரு குடும்பப் பெயராக உறைந்துவிடும். மூத்த கந்தசாமியின் இன்னொரு மகன் பாரிசிலும் மகள் ஆஸ்லோவிலும் குடியேறி வேறு விதமாக முடிவெடுத்திருந்தால், ஒரே கந்தசாமியின் பேரப்பிள்ளைகள் மூன்று நாடுகளில் மூன்று குடும்பப் பெயர்களோடு வளர்வார்கள்.